மணமாகாத பெற்றோரின் குழந்தை: வளர்க்கும் கடன் யாருடையது, பார்க்கும் உரிமை யாருக்கு?

தாயும் தந்தையும் மணம் செய்துகொள்ளவில்லை, குழந்தை பிறந்துவிட்டது. அதை வளர்க்கும் செலவை யார் ஏற்பது? உடன் வாழாத பெற்றோர் அந்தக் குழந்தையை வந்து பார்க்கலாமா, தம் வீட்டுக்குக் கூட்டிச் செல்லலாமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் தர்மசாத்திர உரைகள், ஊர்ப் பஞ்சாயத்துகள், ஆங்கிலேயர் ஆட்சியின் சட்டங்கள், விடுதலைக்குப் பிந்தைய நாடாளுமன்றம், நீதிமன்றங்கள் எனப் பல தரப்பும் விடை சொல்லியிருக்கின்றன. அந்த விடைகள் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்துவதில்லை.

வத்திராயிருப்பு வட்டத்தில் வாழும் ஒரு தாய்க்கு இது ஏட்டளவிலான சிக்கல் அல்ல. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது திருவில்லிபுத்தூரில். வத்திராயிருப்புக்காரர் கிருஷ்ணன்கோவில் வழியாக பஸ் ஏறி அங்கே வர வேண்டும். அங்கு கிடைக்கும் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக வேண்டுமானால், 2004இல் திறக்கப்பட்ட மதுரைக் கிளை இருக்கிறது. இந்தப் படிகளில் எதில் ஏறினாலும் அவர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, கல்யாணம் நடந்ததா என்பதுதான். குழந்தைக்கு என்ன தேவை என்பது அதற்குப் பிறகே வருகிறது.

‘மணமாகாத பெற்றோர்’ என்று பொதுவாகச் சொன்னாலும் நிலைமைகள் வேறு வேறு. கல்யாணம் செய்வதாகச் சொல்லிப் பழகிக் கைவிட்டவர்கள் உண்டு. தாலி கட்டாமல் ஒரே வீட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் உண்டு. கோயிலில் தாலி கட்டியும் பதிவுச் சான்று இல்லாதவர்கள் உண்டு. ஏற்கெனவே மனைவி இருப்பவரோடு வாழ்ந்து குழந்தை பெற்றவர்களும் உண்டு. நான்கு நிலைமைகளிலும் குழந்தையின் தேவை ஒன்றே. சட்டம் தரும் விடைதான் மாறுகிறது.

கடமை எங்கிருந்து வந்தது

திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தந்தை செலவு தர வேண்டும் என்ற கருத்து இந்தியாவில் இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது.

முதலாவது, மிதாட்சரம் போன்ற உரைகளை ஒட்டி வளர்ந்த இந்து சட்டம். இதில் சாதிக்கொரு விதி இருந்தது. மேல் மூன்று வருணத்தாரின் மணவழியில்லாத மகனுக்குப் பராமரிப்பு மட்டும் உண்டு. சூத்திரர் எனப்பட்டோரின் மகனுக்கோ தந்தையின் சொத்தில் பங்குகூடக் கிடைக்கலாம். சென்னை மாகாணத்திலிருந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற வெள்ளையப்பச் செட்டி எதிர் நடராஜன் வழக்கில், 1931இல் வந்த தீர்ப்பு அத்தகைய மகனைத் தந்தையின் குடும்பத்தில் ஓர் உறுப்பினராக ஏற்றுக் கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து பராமரிப்பு வழங்கியது. இந்த மரபின் குறைகள் வெளிப்படையானவை. மகன்களைப் பற்றியே அது அதிகம் பேசியது. தாய் அந்த ஆணோடு நிலையான உறவில் இருந்தாளா என்பதையும் அது அளந்து பார்த்தது.

இரண்டாவது ஊற்று இங்கிலாந்தின் ஏழைகள் சட்டம். மணவழியில்லாத குழந்தையின் செலவு ஊரார் தலையில் விழக் கூடாது என்பதற்காக, பெற்றோரிடம் பணம் வசூலிக்க நீதிபதிகளுக்கு 1576ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் தந்தது. அந்தச் சிந்தனை இந்தியாவில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள் நுழைந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488ஆம் பிரிவு 1973இல் 125ஆம் பிரிவாகி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாகத் தொடர்கிறது. குழந்தை மணவழியில் பிறந்ததா, வெளியே பிறந்ததா என்ற வேறுபாடு இந்தப் பிரிவுகளில் இல்லை. மத வேறுபாடும் இல்லை.

இந்த மரபின் பலவீனம் அதன் நோக்கத்திலேயே இருந்தது. ஆதரவற்றவர்கள் தெருவுக்கு வராமல் தடுப்பதுதான் அதன் முதல் இலக்கு. குழந்தையின் கல்வியும் வளர்ச்சியும் அதன் கணக்கில் இருந்ததாகத் தெரியவில்லை. 1955 முதல் 2001 வரை, மத்தியச் சட்டத்தின்படி மாதம் ரூ.500க்கு மேல் வழங்க முடியாது. 46 ஆண்டுகளில் விலைவாசி எவ்வளவு ஏறினாலும் அந்த உச்சவரம்பு ஏறவில்லை. 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அதை நீக்கியதோடு, இடைக்கால ஜீவனாம்ச மனுக்களைக் கூடுமானவரை 60 நாளில் முடிக்கவும் சொன்னது.

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் இரண்டு ஊற்றுகளையும் ஓரளவு இணைத்தது. அதன் 20ஆம் பிரிவு, மணவழியில்லாத குழந்தைகளையும் பராமரிக்கும் கடமையைத் தாய், தந்தை இருவர் மீதும் வைத்தது. சாதி வேறுபாடு அதில் இல்லை. ஆக, மணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கடமை உண்டு என்பது இந்தியச் சட்டத்தில் நெடுங்காலமாக நிலைபெற்ற கருத்து.

உலகில் எங்கும் இதே பாதை இருக்கவில்லை. பிரான்சில் 1804ஆம் ஆண்டு நெப்போலியன் சட்டம், தந்தை யாரென்று நீதிமன்றத்தில் தேடுவதையே தடை செய்தது. அந்தத் தடை தளர 1912 வரை ஆயிற்று. ஜெர்மனியில் 1900ஆம் ஆண்டின் உரிமையியல் சட்டம் தந்தையைப் பணம் கட்டச் சொன்னது. ஆனால் அவரும் குழந்தையும் உறவினர் அல்லர் என்றும் எழுதி வைத்தது. 1970இல்தான் அது மாறியது. பணம் உண்டு, உறவு இல்லை என்ற அந்த நிலை, எழுத்தில் இல்லாவிட்டாலும் நடைமுறையில் நம் நாட்டுக்கும் அந்நியமானதல்ல.

தந்தை யாரென்று நிறுவுவது

கடமை இருப்பது தெளிவு. அது யாருடையது என்று காட்டுவதுதான் தாயின் முதல் சுமை. திருமணம் நிலவும் காலத்தில் பிறந்த குழந்தை கணவனுடையது என்று சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு கொண்டது. இன்று அது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 116ஆம் பிரிவு. மணமாகாத தாய்க்கு இந்த அனுமானம் கைகொடுக்காது. புகைப்படம், கைப்பேசிச் செய்திகள், வாடகை வீட்டுக்காரரின் சாட்சியம், மருத்துவமனைப் பதிவேட்டில் கையெழுத்து என ஒவ்வொன்றாக அவரே தேட வேண்டும்.

மரபணுச் சோதனை வந்த பிறகு இது எளிதாகிவிட்டது என்ற கருத்து பரவலாக உண்டு. நீதிமன்றங்கள் அவ்வளவு விரைவாக அந்தப் பக்கம் போகவில்லை. 1993இல் கௌதம் குண்டு வழக்கில், கேட்டவுடன் இரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014இல் நந்தலால் வழக்கில், அறிவியல் சான்று கைக்கு வந்துவிட்டால் சட்ட அனுமானம் அதற்கு வழிவிட வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் ஐவன் ரத்தினம் வழக்கில், தாய்க்கு அப்போது கணவர் இருந்து, அவரோடு தொடர்பே இருந்திருக்க முடியாது என்று நிரூபிக்கப்படாத வரை, வேறொருவரைச் சோதனைக்குக் கட்டாயப்படுத்த முடியாது என்றது.

இங்கே இரண்டு நிலைப்பாடுகள் மோதுகின்றன. தன்னைப் பெற்றவர் யாரென்று அறியும் உரிமை குழந்தைக்கு உண்டு என்பது ஒன்று. குழந்தையின் பிறப்பைச் சந்தையில் வைத்து அலசினால் அவமானம் அதற்கே என்பது மற்றொன்று. முதலாவது, பெயரும் பணமும் கிடைத்த பிறகு குழந்தை சுமக்க நேரும் ஏச்சைக் குறைத்து மதிப்பிடுகிறது. இரண்டாவது, பொறுப்பைத் தட்டிக் கழிக்க விரும்பும் ஆணுக்கு நிழலாக அமைந்துவிடக்கூடும். இலங்கையில் 1889ஆம் ஆண்டுப் பராமரிப்புக் கட்டளைச் சட்டம், மணமாகாத தாயின் சாட்சியத்துக்கு வேறு ஆதாரமும் கேட்டது, 12 மாதக் கெடுவும் வைத்தது. அதற்குப் பதிலாக 1999இல் புதிய பராமரிப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. நிரூபணத்தின் சுமையை எவ்வளவு தூரம் தாயின் மீது வைப்பது என்ற கேள்வி அங்கும் ஒரு நூற்றாண்டு எடுத்துக்கொண்டது.

உறவைத் திருமணமாகக் கருதுவது

மூன்றாவது தரப்பு வேறு வழியில் போகிறது. குழந்தையைக் காக்க வேண்டுமானால் பெற்றோரின் உறவையே திருமணமாக ஏற்றுக்கொள்வோம் என்கிறது. இந்த வழிக்குத் தமிழ்நாட்டில் ஆழமான வரலாறு இருக்கிறது. 1950களின் தொடக்கத்தில், சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தெய்வானை ஆச்சி வழக்கில் முடிவு செய்தது. ஊரறிய மணந்து வாழ்ந்தவர்களின் குழந்தைகளும் சட்டத்தின் கண்ணில் மணவழியில்லாதவர்களாக நின்றார்கள். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் நிறைவேறி, 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த, இந்து திருமணச் சட்டத்தின் 7அ பிரிவு, அதற்கு முன் நடந்த அத்தகைய மணங்களையும் செல்லத்தக்கவை ஆக்கியது. ஒரு சட்டத் திருத்தம் பல குழந்தைகளின் பிறப்பு நிலையையே மாற்றிவிட்டது.

நீதிமன்றங்களும் இந்த வழியில் நடந்திருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து சென்ற சுருட்டையன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் நெடுங்காலம் வாழ்ந்தால் மணமானவர்கள் என்றே அனுமானிக்கலாம் என்றது. 2010இல் வேலுசாமி எதிர் பச்சையம்மாள் வழக்கில், 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் பயனைப் பெறத் திருமணத்தை ஒத்த உறவு எப்படி இருக்க வேண்டும் என்று நிபந்தனைகள் வகுத்தது. இருவரும் மணம் செய்யத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. மனைவி உள்ள ஆணோடு வாழ்ந்த பெண் அதனால் வெளியே நிற்கிறாள். 2013இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி சி.எஸ்.கர்ணன், வயது வந்த இருவர் உடலுறவு கொண்டு வாழ்ந்தால் கணவன் மனைவியாகவே கருதலாம் என்று எழுதிய தீர்ப்பு நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பியது. அந்த வழக்கில் கோயம்புத்தூர் குடும்ப நீதிமன்றம் குழந்தைகளுக்கு ஜீவனாம்சம் வழங்கியிருந்தது, தாயை மனைவியாக ஏற்கவில்லை. உயர் நீதிமன்றம் மாற்ற முனைந்தது இந்தப் பிளவைத்தான்.

சொத்துரிமையில் 2023 செப்டம்பர் 1 அன்று வந்த ரேவணசித்தப்பா தீர்ப்பு முக்கியமானது. செல்லாத திருமணத்தில் பிறந்த குழந்தைகளுக்கு, கூட்டுக் குடும்பச் சொத்தில் பெற்றோருக்குச் சேர வேண்டிய பங்கிலும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு கூறியது. உத்தரகாண்டின் பொது உரிமையியல் சட்டம், 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, சேர்ந்து வாழ்வோரின் குழந்தையை நேராகவே சட்டபூர்வமானது என அறிவித்தது. கூடவே அத்தகைய உறவுகளைப் பதிவு செய்வதையும் கட்டாயமாக்கியது. தனிமனித உரிமை சார்ந்த எதிர்ப்பு அங்கிருந்தே எழுகிறது.

பல குழந்தைகளுக்குப் பயன் தந்த வழி இது. ஆயினும் அடிப்படையில் ஒரு குறை இருக்கிறது. குழந்தையின் உரிமை பெற்றோரின் உறவு எவ்வளவு திருமணத்தை ஒத்திருந்தது என்பதையே சார்ந்து நிற்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, செல்லாததாயினும் ஒரு திருமணம் நடந்திருந்தால்தான் பேசும். தாலியும் இல்லை, சேர்ந்த வாழ்க்கையும் இல்லை என்ற நிலையில் பிறந்த குழந்தைக்கு அது எட்டாது. மிகவும் ஆதரவற்ற குழந்தையே மிகவும் வெளியே நிற்கிறது.

பார்க்கும் உரிமை: மூன்று நிலைப்பாடுகள்

பணத்தைப் பற்றி இவ்வளவு பேசிய சட்டம், சந்திப்பைப் பற்றி மிகக் குறைவாகவே பேசியிருக்கிறது. 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மணவழிக் குழந்தைக்குத் தந்தையை முதல் இயற்கைக் காப்பாளராகவும் அவருக்குப் பின் தாயையும் வைத்தது. மணவழியில்லாத குழந்தைக்குத் தாய் முதலில், பிறகு தந்தை. 1999இல் எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், தந்தை பொறுப்பில் இல்லாதபோது அவர் உயிரோடு இருக்கையிலேயே தாய் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. மணமாகாத தாய்க்கு இந்தப் போராட்டம் தேவைப்படவில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்த முதலிடம், தந்தை இருக்க மாட்டார் என்ற எதிர்பார்ப்பிலிருந்து பிறந்தது போலத் தோன்றுகிறது.

தாயே முதன்மை என்ற நிலைப்பாட்டின் வலுவான வடிவம், 2015 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதி விக்ரமஜித் சென் எழுதிய தீர்ப்பு. மணமாகாத தாய் காப்பாளர் உரிமை கோரும்போது தந்தையின் பெயரைச் சொல்லவோ அவருக்கு நோட்டீஸ் அனுப்பவோ கட்டாயம் இல்லை என்றது. தாயின் உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில் பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும் என்றும் உத்தரவிட்டது. வளர்ப்பவரே முடிவெடுக்கட்டும் என்ற நியாயம் இதில் இருக்கிறது. பொறுப்பேற்க உண்மையாகவே விரும்பும் தந்தை எங்கே நிற்பார் என்பதற்கு, அவர் பின்னர் மனு செய்யலாம் என்பதைத் தாண்டி இதில் விடை இல்லை.

தந்தைக்கும் சம இடம் என்ற நிலைப்பாடு வெளிநாட்டுத் தீர்ப்புகளில் வளர்ந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972இல் ஸ்டான்லி வழக்கில், மணமாகாத தந்தையைத் தகுதியற்றவர் என்று முன்கூட்டியே கருத முடியாது என்றது. 1983இல் லேர் வழக்கில், இரத்த உறவு மட்டும் போதாது, குழந்தையோடு உறவை வளர்த்திருக்க வேண்டும் என்று எல்லை வகுத்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் சாவுனெகர் வழக்கில் ஜெர்மனியைக் கண்டித்ததும், 2013இல் அங்கே சட்டம் மாறியது. இந்தியாவில் கேரள உயர் நீதிமன்றம் 2021இல், சேர்ந்து வாழ்ந்த தந்தையைக் கேட்காமல் குழந்தையைத் தத்தெடுப்புக்குக் கொடுத்ததை ஏற்கவில்லை. இந்த நிலைப்பாட்டின் ஆபத்தும் கண்கூடு. மிரட்டலோ வன்முறையோ இருந்த உறவில், சந்திப்பு உரிமை தாயை விடாமல் பின்தொடரும் கருவியாகலாம்.

மூன்றாவது நிலைப்பாடு, சந்திப்பைக் குழந்தையின் உரிமையாகவே பார்க்கிறது. 1992 டிசம்பரில் இந்தியா ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, பிரிந்திருக்கும் பெற்றோரோடு தொடர்பு கொள்ளும் உரிமையைக் குழந்தைக்கே தருகிறது, அதன் நலனுக்குக் கேடு வராத வரை. 2020இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே தொனியில் பேசி, நேரில் பார்க்க இயலாதபோது வீடியோ அழைப்பையும் வலியுறுத்தியது. அது மணமான பெற்றோரின் வழக்கு. சட்ட ஆணையத்தின் 2015ஆம் ஆண்டு 257ஆவது அறிக்கையும் கூட்டுப் பொறுப்பைப் பெரும்பாலும் மணமுறிவை மனத்தில் வைத்தே பேசியது. இந்த நிலைப்பாட்டின் பலவீனம், ‘குழந்தை நலன்’ என்ற அளவுகோல் ஒவ்வொரு நீதிபதியின் கையிலும் வேறு நீளம் கொள்கிறது என்பதே.

பணமும் சந்திப்பும் ஒன்றுக்கொன்று ஈடா?

பணம் தராதவருக்குப் பார்க்க என்ன உரிமை என்பது தாய் தரப்பின் இயல்பான கேள்வி. பார்க்கவே விடாதவர்களுக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்பது தந்தை தரப்பின் கேள்வி. ஊரில் பெரியவர்கள் பேசி முடிக்கும்போது இந்த இரண்டும் ஒரே பேரத்தில் சேர்ந்துவிடுவது எளிது. மொத்தமாக ஒரு தொகை கை மாறும். இனிப் பிள்ளை பக்கம் வர மாட்டேன் என்றும், இனி எதுவும் கேட்க மாட்டேன் என்றும் எழுதிக் கையெழுத்தாகும்.

இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. வாய்தாவுக்கு அலையாமல் கையில் பணம் கிடைக்கிறது, ஊர்ப் பேச்சும் அடங்குகிறது. ஆனால் குழந்தையின் பராமரிப்பு உரிமையைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது என்பதே நீதிமன்றங்களின் பொதுவான போக்கு. சட்டத்திலும் இரண்டும் வேறு வேறு பாதைகள்: ஜீவனாம்சம் 144ஆம் பிரிவில், காப்பும் சந்திப்பும் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தில். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு நடுவரே சந்திப்புக்கு ஏற்பாடு செய்ய வழி தருகிறது. கேடு விளையும் என்று கருதினால் அதை மறுக்கவும் சொல்கிறது. இரண்டையும் பிரித்து வைப்பதே குழந்தைக்கு நல்லது என்ற வாதம் வலுவாகத் தெரிகிறது, ஏனெனில் இரண்டிலும் உரியவர் குழந்தை. பேரம் பேசுபவர்களோ பெரியவர்கள். பிரித்து வைப்பதன் விலை, ஒரே குடும்பம் இரண்டு வழக்குகளுக்கு அலைவது.

உத்தரவுக்கு முன்னும் பின்னும்

எங்கே வழக்குப் போடுவது என்பதிலேயே ஓர் இடறல் இருக்கிறது. மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே ஜீவனாம்சம் கேட்கலாம். மணமாகாத தாய்க்கு, அந்த ஆண் இருக்கும் இடத்தையோ அவரோடு கடைசியாக வாழ்ந்த இடத்தையோதான் சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கிறது. திருப்பூரில் சேர்ந்து வாழ்ந்து, கைக்குழந்தையோடு வத்திராயிருப்பில் உள்ள தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண், எழுத்தளவில் படித்தால், திருப்பூருக்கே போக வேண்டியிருக்கும். குடும்ப வன்முறைச் சட்டமும் காப்பாளர் சட்டமும் இந்த வகையில் தாராளமானவை.

உத்தரவு கிடைத்த பின் வசூல் இன்னொரு மலை. தவறிய ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. ஆனால் பாக்கிக்கான மனுவை ஓராண்டுக்குள் போட வேண்டும். சிறை சென்றாலும் கடன் தீராது என்று குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு, இரு தரப்பும் வருமானத்தையும் சொத்தையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும், மனு செய்த நாளிலிருந்தே தொகையைக் கணக்கிட வேண்டும் என்றும் ஒழுங்கு செய்தது. இராஜபாளையம் நூற்பாலையில் சம்பளச் சீட்டும் பி.எஃப். கணக்கும் உள்ள தொழிலாளிக்கு இது பொருந்தும். தென்னந்தோப்பிலும் கட்டட வேலையிலும் நாள்கூலி பெறுபவரின் வருமானத்தை எந்தப் பத்திரமும் முழுதாகக் காட்டாது.

இங்கே நான்காவது ஒரு நிலைப்பாடு தலைகாட்டுகிறது. அரசே முதலில் கொடுத்துவிட்டுத் தந்தையிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பது அது. ஜெர்மனி 1980 முதல் இப்படிச் செய்கிறது. இந்தியாவில் அதற்கு அருகில் வருவது மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் ரூ.4,000 வழங்கும் நிதி ஆதரவு. ஆனால் அது நலத்திட்டம். தந்தையின் கடனை அது தொடுவதில்லை. வருமானத்தைப் பார்க்காமல் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி வழங்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்கிறது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கதவைத் தட்டினால் வக்கீல் கட்டணம் இல்லாமல் மனுப் போடலாம்.

மதிப்பீடு

இதுவரை வந்த விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், சிலவற்றை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். திருமணம் இல்லாமையைக் காட்டித் தந்தை குழந்தையின் செலவிலிருந்து தப்ப முடியாது. இதில் சட்டம் பழையது, தெளிவானது. மணமாகாத தாய் தனியாகவே காப்பாளராகலாம். இதுவும் 2015க்குப் பிறகு ஐயத்துக்கு இடமின்றி நிற்கிறது. தாய்க்கு மனைவி என்ற தகுதி மறுக்கப்பட்டாலும் குழந்தையின் ஜீவனாம்சம் மறுக்கப்படாது.

திறந்தே இருப்பவை மூன்று. முதலாவது, பொறுப்பேற்க முன்வரும் மணமாகாத தந்தைக்கு எந்த நிபந்தனைகளில் சந்திப்பு உரிமை என்பதை எந்தச் சட்டப் பிரிவும் நேராகச் சொல்லவில்லை. அவர் இதுவரை குழந்தைக்கு என்ன செய்தார் என்பதையும், தாயின் பாதுகாப்பையும் அளவுகோலாக வைப்பது நியாயமாகப் படுகிறது. அதை எழுதி வைக்க வேண்டியது நாடாளுமன்றம். இரண்டாவது, தாய் வேறொருவரின் மனைவியாக இருக்கையில், பெற்றவரை அறியும் குழந்தையின் உரிமைக்கும் அதன் மானத்துக்கும் இடையே 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு இழுத்த கோடு நிலைக்குமா என்பது. மூன்றாவது, தாய் வசிக்கும் ஊரிலேயே வழக்கைத் தொடுக்க முடியுமா என்பது. மற்ற இரண்டோடு ஒப்பிட்டால் இது சிறிய திருத்தம். எதிர்ப்பு எழவும் காரணம் குறைவு. மனைவிக்குத் தந்த வசதியைக் குழந்தைக்கும் தர ஒரு வாக்கியம் போதும். பெரிய கேள்விகள் தீரும்வரை காத்திராமல் இதை முதலில் செய்யலாம்.

கடமையை மணத்திலிருந்து நம் சட்டம் எப்போதோ பிரித்துவிட்டது. உறவை இன்னும் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. பெற்றோரின் மண நிலையை விசாரிக்கும் அளவு கவனத்தோடு, குழந்தைக்கு யார் என்ன செய்தார்கள், இனி யார் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீதிமன்றம் விசாரிக்கும் நாளில் இந்தக் கேள்விக்கு முழுமையான விடை நெருங்கும்.